டபுள் கெப்புக்கு ஒரு அளவு பெரிய டயர்: தூக்காமல், வெட்டாமல்

டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) வைத்திருப்பவர் டயர் மாற்றப் போனால், கடை வாசலில் கேட்கிற முதல் கேள்வி "அண்ணை, இதைவிடக் கொஞ்சம் பெரிசு போடலாமோ?" என்பதுதான். இலங்கையில் 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் இருக்கிற வாகனத்தையே பார்த்துப் பார்த்து ஓட்டினோம். புதியது வாங்குவது இன்னமும் கையைக் கடிக்கிற காரியமாக இருக்கும்போது, இருப்பதைக் கொஞ்சம் நன்றாக்கிக்கொள்ள நினைப்பதில் தவறேதுமில்லை.

பெரிசு போடலாம். ஆனால் ஒரே ஒரு அளவு மட்டும். அதையும் மட்கார்டுக்குள் இருக்கிற இடத்தை அளந்து பார்த்த பிறகுதான் வாங்கவேண்டும். "எல்லாரும் போடுகினம், ஒண்டும் செய்யாது" என்று கடைக்காரர் சொல்வதை வைத்துக் காசைக் கொடுக்க வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை; வாகனம் வெறுமையாக, சில்லு நேராக நிற்கும்போது எந்த டயரும் உரசாது. உரசுவது சுமையோடு பள்ளத்தில் இறங்கித் திருப்பும்போது.

இங்கே எழுதுவது ஸ்பிரிங், டோர்ஷன் பார், சொக் எதிலும் கைவைக்காத, கொம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கிற போர் வீல் (நான்கு சில்லும் இழுக்கிற) பிக்கப்புக்கு. லிப்ட் கிட் போட்டுத் தூக்கிய வாகனத்தின் கணக்கு வேறு.

எவ்வளவு உயரும்?

டயரின் பக்கத்தில் 265/65 ஆர்17 என்று எழுதியிருக்கும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 வீதம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்றையும் வைத்து முழு விட்டத்தையும் கணக்கிடலாம். 265இல் 65 வீதம் 172.25, மேலும் கீழும் சேர்த்து 344.5. ரிம் 17ஐ 25.4ஆல் பெருக்கினால் 431.8. மொத்தம் 776 மில்லிமீற்றர் சொச்சம்.

அதே ரிம்மில் 265/70 ஆர்17 போட்டால் 803 மில்லிமீற்றர். வித்தியாசம் 26.5 மில்லிமீற்றர். ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான், ஏறத்தாழ 13 மில்லிமீற்றர். அரை அங்குலம்! இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடிவிடும். உயரம் கூடுவது இதில் சின்னப் பகுதிதான். பக்கச்சுவர் உயர்வதால் கிறவல் வீதியின் குலுக்கல் குறைகிறது, விளிம்பு உடைந்த தார் வீதியில் ஏறி இறங்கும்போது ரிம் அடிபடுவது குறைகிறது, காற்றைக் குறைத்து மணலில் ஓடும்போது டயர் இன்னும் நீளமாகப் படுகிறது. மட்கார்டுக்குள் டயர் நிறைந்து நிற்கிற அழகும் உண்டு, அதை மறைப்பானேன்.

ஹைலக்ஸ் ரெவோ, போர்ட் ரேஞ்சர் போன்றவற்றில் 265/65 ஆர்17 வந்திருந்தால் 265/70 ஆர்17தான் இயல்பான அடுத்த படி. 265/60 ஆர்18 இருந்தால் 265/65 ஆர்18. இரண்டிலும் கூடுதல் 3.4 வீதம். 245/70 ஆர்16 ஓடுகிறவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது: 245/75 ஆர்16 போட்டால் 3.3 வீதம், 265/70 ஆர்16 போட்டால் 3.7 வீதம். என் தெரிவு முன்னது. ஒரே உயரத்துக்காக அகலத்தையும் கூட்டினால் பக்கத்துக்குப் பத்து மில்லிமீற்றர் வெளியேயும் உள்ளேயும் தள்ளும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உரசுவது பெரும்பாலும் அந்தப் பத்து மில்லிமீற்றர்தான்.

பழைய வாகனங்களில் 205 ஆர்16 என்று நடுவில் வீதமே இல்லாமல் இருக்கும். அப்படியானால் பக்கச்சுவரை 80 முதல் 82 வீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். விட்டம் 734 முதல் 743 மில்லிமீற்றருக்குள் வரும். 15 அங்குல ரிம்மோடு 255/70 ஆர்15 ஓடுகிறவர்கள் கண்வைப்பது 31 அங்குல டயரில். 738 இருந்த இடத்தில் 787. அது 6.6 வீதம், ஒரு அளவு அல்ல, பாய்ச்சல். அதேபோல் 17 அங்குலக்காரர்கள் ஆசைப்படுகிற 285/70 ஆர்17, 7 வீதம். இரண்டும் தூக்காத வாகனத்தில் எங்காவது உரசும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று, மூன்றரை வீதத்தோடு நிறுத்துவது நல்லது.

இடத்தை அளத்தல்

முழு வேலையிலும் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். டயர் கடையில் இதை யாரும் செய்துதர மாட்டார்கள். வீட்டு முற்றத்தில் நீங்களே செய்யலாம்.

சமதரையில் வாகனத்தை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒருபக்கம் கடைசிவரை ஒடியுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு டோர்ச்சோடு குனிந்து முன்சில்லைச் சுற்றிப் பாருங்கள். நெருக்கம் வரக்கூடிய இடங்கள் நான்கைந்துதான்: முன் பம்பரின் கீழ் மூலை, சில்லுக்குப் பின்னால் மட்கார்டின் பிளாஸ்டிக் உறை, அதற்குப் பின்னே பொடி சேசிஸில் உட்காருகிற மவுண்ட், மட் பிளாப், உள்பக்கத்தில் ஸ்டெபிலைசர் பாரும் மேல் ஆமும் (சில்லைப் பிடித்திருக்கிற மேல் கை). இப்போதிருக்கிற டயருக்கும் இவற்றுக்கும் நடுவே இரண்டு விரலைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஒரு விரல்தான் போகிறது என்றால் அந்த இடத்தைச் சோக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். மறுபக்கம் ஒடித்து இதையே திரும்பவும் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒருகாலத்தில் இடிபட்டுத் திருத்திய வாகனமென்றால் பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் இருக்கும்.

அடுத்தது சஸ்பென்ஷனை அமுக்கிப் பார்ப்பது. ஒரு முன்சில்லை ஏறத்தாழ இருபது சென்ரிமீற்றர் உயரமான திடமான மேடையில் ஏற்றவேண்டும். சீமெந்துக் கல் வேண்டாம், உள்ளே வெறுமையாக இருப்பதால் நொறுங்கும். பழைய வீடு இடித்த பனந் தீராந்தித் துண்டுகள் கிடைத்தால் இரண்டு மூன்றை நெருக்கி அடுக்கி, நகராதபடி அணைகொடுங்கள். லோ கியரில் மெதுவாக ஏற்றி, ஹான்ட் பிரேக் இழுத்து, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். வாகனத்துக்குக் கீழே யாரும் புகக்கூடாது; பார்ப்பது பக்கத்திலிருந்துதான். ஏறிய சில்லு இப்போது மட்கார்டுக்குள் அமுங்கி நிற்கும். பெட்டியில் சுமையும் வைத்தால் பின்சில்லின் நிலையும் தெரியும். பின்பக்கத்தில் வழக்கமாக இடம் தாராளம்தான்.

பெரிய டயர் கையில் இல்லாமலே அது உரசுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. புத்தகக் கடையில் அரை அங்குல ரெஜிபோம் (தெர்மோகோல்) தாள் வாங்குங்கள். அரை அங்குலமென்றால் 12.7 மில்லிமீற்றர், நமக்கு வேண்டிய 13க்கு அது போதும். டயரின் அகலத்துக்குப் பட்டியாக வெட்டி, வட்டமிட்ட இடங்களுக்கு நேரே வருகிற டயர் முகத்தில் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். விளிம்புகள் தோள்வரை வரவேண்டும், ஏனென்றால் முதலில் படுவது தோள்தான். சில்லு அமுங்கி நிற்கிற நிலையிலேயே ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாக ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் ஒடிக்கட்டும். ரெஜிபோம் கீச்சென்று சத்தம் போட்டால் காதிலேயே தெரிந்துவிடும். வெள்ளைத் துகள் நிலத்தில் கொட்டியிருந்தால் எந்த இடம் என்பதும் தெரியும். சத்தமுமில்லை, துகளுமில்லை என்றால் ஒரு அளவு பெரிய டயர் உங்கள் வாகனத்தில் உட்காரும்.

பட்டது மட் பிளாப் அல்லது பிளாஸ்டிக் உறையில் மட்டும்தான் என்றால் கவலையில்லை. பிளாப்பின் திருகுகளைக் கழற்றி ஓரிரு சென்ரிமீற்றர் பின்னால் தள்ளிப் பூட்டலாம். உறையின் கிளிப்பைக் கழற்றி, சூடுகாட்டிப் பின்னே அமுக்கி, புதுக் கிளிப் போடலாம். அலைன்மென்ட் செய்பவர் கீழ் ஆமின் கேம் போல்டைத் திருப்பி முன்சில்லைச் சில மில்லிமீற்றர் முன்னால் கொண்டுவரவும் முடியும். அப்படிச் செய்தால் பம்பர் பக்கத்தைத் திரும்பவும் பாருங்கள். பட்டது பொடி மவுண்டிலோ மேல் ஆமிலோ என்றால் அந்த அளவை விட்டுவிடுங்கள். இரும்பை வெட்டி, அடித்து மடித்துப் பொருத்துவதெல்லாம் இந்தச் சின்ன இலாபத்துக்குக் கட்டுப்படியாகாத வேலை. அதுவும் உப்புக்காற்று அடிக்கிற ஊரில், வெட்டிய இரும்பு விளிம்பில் துரு வர அதிகநாள் எடுக்காது.

ரிம்மை மாற்ற வேண்டாம்

ஒரு அளவு கூட்டுவதற்குப் புது ரிம் தேவையில்லை. பழைய ரிம்மோடு நின்றால் ஓப்செற் (சில்லு உள்ளே, வெளியே தள்ளி நிற்கிற அளவு) மாறாது, அளந்த கணக்கும் மாறாது. வெளியே தள்ளி நிற்கிற ரிம்மைப் போட்டால் ஸ்டியரிங் ஒடியும்போது டயர் பெரிய வட்டமாகச் சுற்றிப் பம்பரிலும் பிளாப்பிலும் படும். பெயரிங்குக்கும் சுமை கூடும். ஆறு நட் ரிம்தானே, எல்லாம் ஒன்றுதானே என்று செக்கன்ட்ஹான்ட் ரிம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: ஹைலக்ஸிலும் ரேஞ்சரிலும் நட் வட்டம் 139.7 மில்லிமீற்றர், நவாராவில் 114.3. ஹைலக்ஸுக்கும் ரேஞ்சருக்கும் நட் வட்டம் ஒன்றானாலும் நடுத்துளை வேறு.

டயர் வாங்கும்போது

அளவுக்குப் பிறகு ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும், 112எஸ் என்பதுபோல. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும்; 115 என்றால் 1215; 121 என்றால் 1450. பழைய டயரில் இருக்கும் எண்ணுக்குக் கீழே போகவே வேண்டாம். கோப்பாயிலிருந்து வெங்காயம் ஏற்றுகிறவரும், சீமெந்துப் பை ஏற்றுகிறவரும் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். எழுத்து வேகத்துக்கானது, எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர். நம் வீதிக்கு எந்த எழுத்தும் போதும்.

அளவுக்கு முன்னால் எல்டி என்று போட்டிருந்தால் அது பாரவண்டிக்கான கனத்த டயர். கல்லும் முள்ளும் தாங்கும். ஆனால் எடை கூட, ஓட்டம் விறைப்பாக இருக்கும், அதே சுமைக்குக் காற்றும் கூட வேண்டும். யாழ்ப்பாணத்துக்குள் ஓடி, இடைக்கிடை வன்னிக்குப் போகிற வாகனத்துக்குச் சாதாரணக் கட்டமைப்பே போதும் என்பது என் எண்ணம். எடை கூடினால் சொக், போல் ஜொயின்ட், பிரேக் எல்லாவற்றுக்கும் கூடுதல் வேலை.

பூவைப் (டயர் முகத்திலுள்ள வெட்டு வடிவத்தை) பொறுத்தவரை, எல்லாத் தரைக்குமான ஓல் டெரெய்ன் எடுங்கள். சேற்றுக்கான மட் டெரெய்ன் பார்க்க வீரமாகத்தான் இருக்கும்; ஏ9 வீதியில் கிளிநொச்சிவரை போய்வந்தால் காதில் இரைச்சல் நிற்காது, மழையில் தார் வீதியில் பிடிப்பும் குறைவு. மாரியில் வலிகாமத்துச் செம்மண் தோட்டத்துக்குள் நாளாந்தம் இறங்குகிறவருக்கு மட்டும் அது பொருத்தம்.

டிஓடி என்ற எழுத்துக்களுக்குப் பிறகு வருகிற கடைசி நான்கு இலக்கம் செய்த திகதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மலிவுவிலை டயரில் இதைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள். டக் போட்ட (தேய்ந்த டயரில் புதுப் பூ ஒட்டிய) டயரை முன்சில்லுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கையும் ஒரேதடவையில் மாற்றவேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. முன்னே ஓர் அளவும் பின்னே ஓர் அளவுமாகப் போட்டு, பார்ட் டைம் வாகனத்தை (தேவைப்படும்போது மட்டும் போர் வீலில் ஓடுவது) போர் வீலில் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயலும். மணலில் சறுக்கித் தப்பிவிடும். தார் வீதியில் முறுக்கு முழுவதும் இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்பர் கேஸில் ஏறும்.

ஸ்பெயர் சில்லு

மறந்துபோகிற ஐந்தாவது டயர் இது. பெட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிற இடத்தில் பெரிய டயர் போகுமா என்று டேப்பை வைத்து அளந்து பாருங்கள்: பின் பம்பருக்கும், மறுபக்கம் சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே. பெரும்பாலும் போகும்.

அளக்கும்போதே அதை ஒருமுறை கீழே இறக்கியும் பாருங்கள். ஊர்காவற்றுறை, காரைநகர், புங்குடுதீவு என்று கடலை அறுத்துப்போகிற வீதிகளில் ஓடுகிற வாகனத்தில் அந்தச் சங்கிலியும் அதைச் சுற்றுகிற வின்ச்சும் உப்பில் இறுகிப் போயிருப்பது சாதாரணம். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் பண்ணைப் பாலத்தைக் கடந்துவந்து கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள், விரல் பிசுபிசுக்கும். அதே உப்பு கீழேயும் படிகிறது. நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் கிறீஸ் பூசி ஏற்றிவையுங்கள்.

காசு பற்றாமல் பழைய அளவிலேயே ஸ்பெயரை விட்டால், அது அவசரத்துக்கு மட்டும். போடும்போது டூ வீலில்தான் ஓடவேண்டும். பின்சில்லில் காற்றுப் போனால் முன்சில்லொன்றைக் கழற்றிப் பின்னே போட்டு, சின்ன ஸ்பெயரை முன்னே போடுங்கள். பின் டிபரென்ஷலுக்கு அது நிம்மதி.

பூட்டுதல்

கடையில் நின்று மூன்று காரியம் பாருங்கள். வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ரிம்மின் உள்விளிம்பில் உப்பும் துருவும் இருந்தால் சுரண்டித் துடைத்த பின்னரே டயரை ஏற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காற்று மெல்ல மெல்லக் கசியும். பலன்சிங் ஐந்துக்கும்.

நட்டை எயார் கன்னால் (காற்றழுத்தத்தில் இறுக்குகிற கருவியால்) கடைசிவரை அடித்து முடிக்க விடாதீர்கள். கையால் பிடிக்கவைத்து, வாகனத்தை இறக்கி, எதிரெதிர் நட்டாக டோர்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கவேண்டும். ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒருமுறை. பிறகு அலைன்மென்ட், ஸ்டியரிங் நேராக நிற்கும்போது வாகனம் ஒருபக்கம் இழுத்தால் அதே நாளில் திருப்பிக் கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மட்கார்டின் உட்பக்கம், பிளாப், பம்பர் மூலை எல்லாவற்றிலும் சோக்கட்டியால் தடிப்பாகக் கோடு போடுங்கள். பெட்டியில் சுமையேற்றி, வெட்டையான ஓரிடத்தில் இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து எட்டுப் போட்டு, வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்குங்கள். பின்னோக்கி ஒடிப்பதையும் மறக்க வேண்டாம், சில வாகனங்களில் அப்போதுதான் படும். சோக் அழிந்த இடமிருந்தால் அங்கே கைவைக்கவேண்டும்.

காற்று

கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவிலிருந்து தொடங்குங்கள், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. எல்டி டயரென்றால் சில பிஎஸ்ஐ கூட்டவேண்டும். சரியான அளவைக் கண்டுபிடிக்க டயரின் குறுக்கே சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, நேரான வீதியில் கொஞ்சத் தூரம் ஓடிப் பாருங்கள். நடு மட்டும் அழிந்தால் காற்று கூட. இரண்டு ஓரமும் அழிந்தால் குறைவு. சுமையேற்றினால் பின்சில்லுக்குக் கையேடு சொல்கிற கூடுதல் அளவு.

மணற்காடு, நாகர்கோவில், சுண்டிக்குளம் பக்கம் வீதியை விட்டு மணலில் இறங்குகிறவர்கள் 18 பிஎஸ்ஐ வரை குறைக்கலாம். உண்மையைச் சொன்னால், மணலில் வாகனத்தை மிதக்கவைப்பதில் ஒரு அளவு பெரிய டயரைவிட இந்தக் காற்றுக் குறைப்புக்குத்தான் பங்கு அதிகம். பழைய டயரோடு புதைகிறவர் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும், செலவே இல்லை. குறைத்த காற்றோடு சடாரென்று திருப்பாதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழலும். தார் வீதியில் ஏறுமுன் திரும்ப அடிக்க சிறிய கொம்பிரசர் ஒன்று வாகனத்தில் இருக்கட்டும்.

வேகமானியும் கிலோமீற்றர் கணக்கும்

3.4 வீதம் பெரிய டயரோடு முள் 70இல் நிற்கும்போது சில்லு முன்பு அதே முள்ளில் ஓடியதைவிட இரண்டரைக் கிலோமீற்றர் கூடுதலாக ஓடும். கொம்பனி வேகமானிகள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால், பலருக்கு இப்போது முள் உண்மைக்கு நெருங்கி வரும். கொடிகாமம் தாண்டிய நேர்வீதியில் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்து ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். பொலிஸாரின் வேகக் கருவிக்கு உங்கள் டயர் அளவு தெரியாது.

மீற்றர் குறைத்து எண்ணும். அதில் 10,000 ஓடியிருந்தால் வீதியில் 10,340. ஓயில் மாற்றுவதைச் சற்று முந்திச் செய்யுங்கள். டீசல் கணக்கிலும் இது உண்டு: லீற்றருக்குப் பத்து என்று கணக்கு வந்தால் உண்மையில் 10.3. "டயர் மாத்தினதிலயிருந்து டீசல் குடிக்குது" என்கிற புலம்பலில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிசகு. மீதி டயரின் எடையும் பூவின் இழுவையும், அது உண்மைதான்.

கியர் சற்று நீண்டதுபோல் உணர்வீர்கள். மலையே இல்லாத குடாநாட்டில் டேர்போ எஞ்சினுக்கு இது பெரிதாகத் தெரியாது. டேர்போ இல்லாத, '3எல்' என்று பெயருள்ள பழைய எஞ்சின் ஹைலக்ஸில், சுமையோடு ஆனையிறவில் சோளகத்துக்கு எதிரே போகும்போது ஐந்தாம் கியர் திணறும், நான்கில் போங்கள்.

காப்புறுதிக் கொம்பனிக்கு டயர் அளவு மாறியதை எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடும்போது ஸ்பெயரையும் சுற்றில் சேர்த்தால் ஐந்தும் ஒரேயளவாகத் தேயும். போர் வீல் வாகனத்துக்கு அதுதான் தேவை. அந்த நாளிலேயே மட்கார்டின் உட்பக்கத்தில் புதிதாகப் பளபளக்கிற இடம் ஏதும் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் தளரத் தளர வாகனம் இறங்கும், ஆரம்பத்தில் உரசாதது பிறகு உரசத் தொடங்கலாம்.